காயாத கடல்

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதால் எல்லாருக்கும் அவள் போர்டக்கா. அவள் எழுத்தை நூறடி தள்ளி நின்றும் படிக்கலாம், ஓரமெல்லாம் கத்தியால் நறுக்கியது போலிருக்கும். அப்பேர்ப்பட்டவள், சொந்த வீட்டுச் சுவரில் ஒரு விடியற்காலைக் கடலை வரையத் தெரியாமல் மூன்று வாரமாக மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

எல்லாம் எதிரே கட்டிலில் கிடந்த கணவருக்காக. படகோட்டி. முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது, இனியும் நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. மனுஷன் அசைந்தால்தானே! கடற்கரைக்குக் கூப்பிட்டால், “அடுத்தவன் தூக்கிட்டுப் போய்க் காட்டுற கடல் எனக்கு வேண்டாம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். சரி, கடலையே கொண்டுவருகிறேன் என்று அவளுக்கும் வீம்பு.

முதலில் நூல் பிடித்துக் கோடு போட்டாள். மேலே வானம். அது நன்றாகக் காய்ந்த மறுநாள், கீழே கடல். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“சோப்பு விளம்பரமா? விலையைக் காணோமே.”

அவளுக்குச் சுருக்கென்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மூன்று தடவையும் அதே கதைதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், கோடு வந்து நடுவில் நின்றது.

ஒருநாள் விடியும் நேரத்தில், பனி இறங்கியிருந்த கரையில் தனியாகப் போய் நின்றாள். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது? அரைமணி தேடியும் அகப்படவில்லை. அப்போதுதான் தன் தப்பு பிடிபட்டது. ஒரு கலர் காயாமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்பது அவள் தொழிலின் சட்டம். இங்கே அப்படிக் காய விட்டதுதான் வினை.

வீட்டுக்கு வந்ததும் நூலைத் தூக்கி எறிந்தாள். பெயின்ட் சீக்கிரம் காயாமலிருக்க எண்ணெய் கலந்தாள். சாம்பல் நீலத்தில் துளி மஞ்சள் விட்டு வானத்தை இழுத்தாள், அந்த ஈரத்திலேயே கடலையும் சேர்த்தாள். இரண்டும் கூடுமிடத்தில் காய்ந்த பிரஷால் மெல்லத் தடவினாள். ஓரத்தைக் கூராக்கச் சொல்லிக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். கோடு காணாமல் போனது.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஓரடி. கொஞ்சம் நின்று, இன்னோரடி. நாலாவது அடியில் தடுமாறியவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார், சரியாக ஈரத்தின் நடுவில்.

“மூட்டமா இருக்கு,” என்றார், கடலை விட்டுக் கண்ணெடுக்காமல். “இப்போ படகை எடுக்கக் கூடாது. கொஞ்சம் கலையட்டும், போகலாம்.”

ஈரப் பெயின்ட்டில் ஒரு விரல் பட்டாலே ஊரைக் கூட்டுகிறவள், வாயே திறக்கவில்லை.