மூன்றாம் ஊரின் மூச்சு

மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் மல்லாவியில் நான் ரேடியோ திருத்திக்கொண்டிருந்தேன். பற்றறிக்குப் பதில் சைக்கிள். ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தால் டைனமோ ஓடும், ரேடியோவில் கசெற் பாடும். கால் களைத்தால் பாடகிக்கு ஆண்குரல் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் ஒரு கன்னியாஸ்திரி கசெற்றோடு வந்தார். பப்புவாவில் ஊழியம் செய்து திரும்பியவர். அங்கே ஓர் ஆற்றங்கரையில் மூன்றே மூன்று ஊர்கள் பேசுகிற ஒரு சின்ன மொழியாம். அதுவும் ஊருக்கு ஊர் மாறுமாம், நாங்கள் ‘வாறன்’ என்பதைப் பக்கத்துக் குடியேற்றத்து மலையகத்தார் ‘வர்றேன்’ என்பதைப்போல.

“நான் ஒரு சொல்லைக் கேக்க, மேலாறு, கீழாறு, மூண்டாவது ஊர் எண்டு மூண்டு ஊராக்களும் தங்கட மாதிரிச் சொல்லுவினம். கடைசிச் சொல்லுதான் தம்பி எனக்கு வேணும். அந்த இடத்திலதான் நாடா சிக்கியிருக்கு. இதை விட்டா வேற கசெற் இல்லை.”

“பயப்பிடாதேங்கோ சிஸ்டர். செத்த கசெற்றுகளையே எழுப்பினனான்.”

வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது. அவர் சந்தைக்குப் போனதும் நாடாவை நீவிச் சுற்றி, ஏறி மிதித்தேன். சிஸ்டரின் இளங்குரல் ஒரு சொல்லைக் கேட்டது. மேலாற்றுக்காரன் வெட்டிச் சொன்னான். கீழாற்றுக்காரன் அதையே வாலை இழுத்துச் சொன்னான். பிறகு யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும். அடுத்த சொல்லுக்கும் அப்படியே. இந்த வெற்றிடங்களை வெட்டி எறிந்தால் நாடா சிக்காது என்று பிளேட்டை எடுத்தேன்.

மூச்சு கிட்ட வந்தது.

கால் நின்றது. மூச்சும் இழுபட்டுத் தடித்து, பெரிய மிருகம் ஒன்று தூங்குவதுபோல் ஆகி அடங்கியது. நான் ஓடவில்லை. கொஞ்சம் வேகமாக நடந்தேன். உடுத்திருந்த சாரம் பெடலில் மாட்டியிருந்ததால் சைக்கிளும் கூட வந்து வாசலில் என் மேல் விழுந்தது.

சிஸ்டர் வந்துதான் தூக்கிவிட்டார். கையில் பிளேட்டைக் கண்டு, “வெட்டிப்போட்டீரோ?” என்று பதறினார்.

“இல்லை சிஸ்டர். ஆரது, கதைக்காம மூச்சு விடுறது?”

“மூண்டாவது ஊரில மிஞ்சின ஒரே மனுசி. மறுமொழி சொல்ல ஆளில்லாத பேச்சை ஏன் பேசவேணும் எண்டு வாயே திறக்கேல்லை அவா. கடைசிச் சொல்லுக்கு மட்டும் திறந்தவா.”

“என்ன சொல்லு அது?”

“வாசல் படலையில நிண்டு, ‘வீட்டில ஆர்?’ எண்டு கூப்பிடுறது.”

மிதித்தேன். விழுந்த முழங்கால் நொந்ததில் மிதி தடுமாற, மேலாற்றுக்காரனும் சேர்ந்து தடுமாறினான். “ஒழுங்கா மிதியும்!” என்றார் சிஸ்டர். கீழாற்றுக்காரன் முடித்தான். மூச்சு. பிறகு அந்த அம்மா கூப்பிட்டார், மெல்லிய குரலில், கடைசியை மேலே தூக்கி. பிறகு திரும்பவும் மூச்சு. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இராதே. “ஓம், வாங்கோ” என்றேன்.

நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். நாடாவும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு மட்டும், யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல, நின்றது.