அண்ணாச்சி பேனரில் முளைத்த கோரை

எழுபது வயதில் இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை தாராவியில், சால் என்று சொல்லும் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பார்த்தீனியம் செடி மண்டிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வெயில் படாமல் மூடிவைத்தால் செத்துவிடும் என்றார்கள்.

ஏரியாவே பயப்படும் அண்ணாச்சியின் பழைய பிறந்தநாள் பேனர் ஒன்று கிடந்தது. அதை விரித்து, சுற்றிலும் கல் வைத்தேன். எழுத்து மேலே இருக்கும்படிதான் விரித்தேன். தினமும் காலையில் நின்று வாசிக்க ஆசை.

பார்த்தீனியம் செத்தது. கூடவே கிடந்த கோரைப்புல் சாகவில்லை. இன்று காலை பார்த்தால், ஊசி போலப் பேனரைத் துளைத்து வந்திருக்கிறது. சரியாக அண்ணாச்சி படத்தின் இரண்டு கண்ணிலும்.

அந்த நேரம் பார்த்து அவருடைய ஆட்கள் இருவர் பைக்கில் வந்தார்கள்.

"அண்ணாச்சிய யாருவே தரையில போட்டது?"

"நாந்தான். களைக்குப் போட்டேன்."

"கண்ணக் குத்துனது?"

"அது கோரை, தம்பி."

ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "தாத்தா, ஒமக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். "நல்லாத் தெரியுமே! அவரு பேர முழுசா வாசிச்சிட்டுத்தான் விரிச்சேன்."

"அச்சா" என்று மட்டும் சொல்லி, என் வீட்டு நம்பரைக் குறித்துக்கொண்டு போனான்.

அதிலிருந்து பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்க்கிறேன்.

படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாமோ? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?