ராத்தாவின் ரத்தத்துக்கு ஆக்கிய கறி

மாட்டிறைச்சியில் என்ன சத்து இருக்கிறது என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வரவேண்டாம். இரும்புச்சத்து, புரதம், மரக்கறியோடு சேர்த்து ஆக்கினால் இன்னும் விசேஷம், எல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்கு மனப்பாடம். அந்தச் சத்து யாருடைய பீங்கானில் போய் விழும் என்பதை மட்டும் எந்தப் போஸ்டரிலும் போடமாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டுதான் வருகிறது.

என் அக்கா, ராத்தாவுக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். முகம் வெளுத்துப்போய், கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்குவாள். ஒரு நாள் மிட்வைஃப் மிஸ் ஏறாவூர் வெயிலில் வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். "ரத்தம் குறைவு, இரும்புக் குளிசை மட்டும் காணாது. மாட்டிறைச்சிக்குள்ள கரட், போஞ்சி, வாழைக்காய் போட்டு ஆக்கிக் குடுங்க. தேசிக்காய் புளிஞ்சு உடுங்க, அப்பதான் சத்து உடம்புல பிடிக்கும். சோறு திண்ட கையோட பிளேன்டீ வேணாம். இப்பிடியே போனா புள்ளப்பேறு நேரம் இவட உயிருக்கே மோசம்" என்று உம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உம்மா அந்தச் சொல்லைத் தட்டவில்லை. வாப்பா மௌத்தான பிறகு இடியப்பம் அவித்து விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதிலிருந்தும் மிச்சம் பிடித்து இறைச்சி வாங்கினார். மிஸ் சொன்ன மரக்கறி அத்தனையும் போட்டு ஆக்கினார், தேசிக்காயும் பிழிந்தார். எல்லாம் சரி. சட்டியை இறக்கியதும் முதல் பீங்கான் ராத்தாவின் புருஷன், என் மச்சானுக்குப் போனது.

எங்கள் பக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வந்தவர் ஆயுசுக்கும் விருந்தாளி. அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டிலுள்ள பெண்களின் வேலை. கோணினால் செருப்பை மாட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார், ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் இறைச்சித் துண்டெல்லாம் பொறுக்கி அவருக்கு. ராத்தாவுக்குக் கரட்டும் துண்டில்லாத ஆணமும். "மேசன் வேலை, வெயிலுக்குள்ள நிண்டு கல்லுத் தூக்கிற மனிசன், பாவம்கா" என்பார் உம்மா. ராத்தாவும் தலையை ஆட்டுவாள். வயிற்றில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள் பாவமில்லையாம்!

மச்சான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். வைத்ததைத் தின்பார், மிச்சம் வைத்தால் மாமி மனம் நோகும் என்று வழித்துத் தின்பார். வழித்துத் தின்கிறாரே, போதவில்லை போல என்று உம்மா அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார். பந்திக்கு முந்துகிறவரையாவது திட்டலாம், இவரைப் பிடித்து முந்த வைத்தார்கள். இதை நிறுத்த யாராவது ஒரு சொல் சொல்லவேண்டும். ஆனால் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்களுக்குள் மரியாதையில்லை. உம்மா குசினித் திரைக்குப் பின்னால் நிற்பார், மச்சான் ஹோலில் பாயில் இருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்த வாய் நான்.

அன்றைக்குக் கிளினிக்கில் ராத்தாவை விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ரத்தம் இன்னும் இறங்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "நீ ஒழுங்காத் திங்கிறல்ல" என்று பேச்சும் அவளுக்குத்தான் விழுந்தது. பகலைக்கு இறைச்சிக் கறி. மச்சான் தின்றுகொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, "இன்னும் ரெண்டு துண்டு வேணுமா எண்டு மச்சானக் கேட்டுட்டு வா" என்றார். குசினி மூலையில் ராத்தா போஞ்சியைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தாள். நேரே போய் அவர் முன்னால் நின்று சொன்னேன்.

"மச்சான், உங்களுக்கும் வயித்துல புள்ளயா எண்டு உம்மா கேக்கச் சொன்னாங்க."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. திரையைப் பார்த்தார். திரை பேசவில்லை, எப்படிப் பேசும்? எழும்பிக் கை கழுவினார், சட்டையைப் போட்டார், படலையைத் திறந்து போய்விட்டார்.

உம்மா அகப்பைக் காம்பால் என்னை அடித்த அடி முதுகில் தடித்து நின்றது. ராத்தா அழுதாள், எனக்காக இல்லை. சரி, மனிசன் போய்விட்டார், மிஞ்சிய இறைச்சியை அன்றைக்காவது ராத்தா தின்றாளா? எங்கே! உம்மா அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒரு சாப்பாட்டுக் கரியரில் போட்டு மூடினார். முக்காட்டை இழுத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாவிக்கரைப் பக்கத்திலிருந்த மச்சானுடைய உம்மா வீட்டுக்கு நடந்தார்.

அங்கே முற்றத்தில் மச்சான் நிற்கிறார். இங்கே படலையோரம் உம்மா நிற்கிறார். கூப்பிடு தூரம்கூட இல்லை. அப்போதும் உம்மா என் தோளில் கிள்ளி, "சொல்லுடி, உம்மா அப்பிடிச் சொல்லல்ல எண்டு" என்கிறார். சொன்னேன். "கோவமில்லயாம் எண்டு உம்மாட்டச் சொல்லு" என்றார் அவர் என்னிடம். அதையும் சொன்னேன். கரியரை வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் வீட்டுக்கு வந்தார். கறி பழையபடி ஓடியது.

மிஸ் சொன்னதுதான் நடந்தது. பிள்ளை பிறந்ததும் ராத்தாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, அல்லாஹ்வின் காவலில் உயிர் தங்கியது. ஏற்றிய ரத்தத்துக்குப் பதிலாக வீட்டார் யாராவது கொடுங்கள் என்றபோது மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார். நல்ல ரத்தம், குறையே இல்லை என்றார்களாம். இருக்காதா பின்னே! ஒழுங்கை முழுக்க ஒரே பேச்சு, "பொஞ்சாதிக்கு ரத்தம் குடுத்த மாப்பிள்ளை, இப்பிடி ஒராள் கிடைக்கக் குடுத்து வெச்சிரிக்கணும்." எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அது யார் வாயிலிருந்து பறித்த ரத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராத்தாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பிய அன்றைக்கு, ரத்தம் கொடுத்த உடம்பு தேறவேண்டும் என்று உம்மா இறைச்சி வாங்கினார். கரட், போஞ்சி, வாழைக்காய் எல்லாம் போட்டு, தேசிக்காய் பிழிந்து. ராத்தாவுக்குப் பத்தியம். சுட்ட கருவாடும் பூண்டு போட்ட உள்ளிச் சோறும். பிள்ளை பெற்ற உடம்புக்கு மாட்டிறைச்சி கிரந்தியாம், ஆகாதாம்.

நான் ராத்தாவின் அறைக்குள் போய், "உனக்குக் கோவமே வரல்லயா ராத்தா?" என்று கத்தினேன். அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "வாயப் பொத்துடி. அவர் கோவிச்சுப் போனா உனக்கு ஊடு ஆரு கட்டித் தாற?"

வாப்பா இல்லாத, ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இளையவளுக்குச் சுவர் எழுப்பித் தருகிறேன் என்று கலியாணப் பேச்சின்போது வாக்குக் கொடுத்த மேசன் அவர். வீடில்லாத பெண்ணை எங்கள் ஊரில் யார் கலியாணம் முடிப்பார்? வாக்கை அவர் காப்பாற்றினார், உம்மாவும் ராத்தாவும் அந்தக் கூலியைத் துண்டு துண்டாக அவர் பீங்கானில் வைத்து முடித்தார்கள். இதை எழுதுவது அந்த வீட்டுக்குள் இருந்துதான்.

அன்றைக்கு எனக்கு எதுவும் விளங்கவில்லை. நாங்கள் இருக்க இந்த வீடு இருக்கிறதே, எனக்கு எதற்கு இன்னொரு வீடு? ரத்தம் போனதில் பிதற்றுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய கருவாட்டில் முள் எடுத்துக் கொடுத்தேன்.