அலறல் கேட்கும் வீடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்த வீட்டில் கணவரோடு ஆறு வயதுப் பெண்ணும் இருந்தாள், தாயை இழந்தவள். "என்னை எப்படிக் கூப்பிடுவே?" என்று கேட்டதற்கு, யாரோ சொல்லிக்கொடுத்திருந்தபடி "சித்தி" என்றாள். அந்தச் சொல்லுக்கு ஊரில் எவ்வளவு கெட்ட பெயர் என்பது இவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வாயிலிருந்து வந்தபோது இனித்தது.

கணவர் லாரி ஓட்டுபவர். போனால் திரும்ப நாளாகும். அவர் கிளம்பிய முதல் இரவே குழந்தை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து வீல் என்று அலறினாள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இவள்மேல் இல்லை. "விடு! அடிக்காதே! விடு!" இவள் ஓடிப்போய் அணைத்தாள். குழந்தை இன்னும் வெறிகொண்டு உதைத்தாள், பிறாண்டினாள். பிறகு விசையை அணைத்ததுபோல் அடங்கிச் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

காலையில் கேட்டால், "நல்லா தூங்கினேனே! பால்ல சர்க்கரை போடு சித்தி" என்றாள்.

இது வாடிக்கையானது. கணவரிடம் போனில் சொன்னாள். "எங்கிட்ட இருந்தப்போ ஒருநாளும் கத்தினதில்லையே" என்றார் அவர். தலைமாட்டில் மேளம் அடித்தாலும் குறட்டை நிற்காத மனிதர். அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? ஆனாலும் அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது.

கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் வழிமறித்தாள்.

"ராத்திரி பிள்ளை கத்துச்சே?"

"தூக்கத்துல பயந்துட்டாக்கா."

"தினமுமா?"

அக்காவின் கண் குழந்தையின் கைகளில் தழும்பு தேடியது. தழும்பு இருந்தது இவள் கையில்தான். அதைக் காட்டினால், பிள்ளை எதற்குப் பிறாண்டியது என்று அடுத்த கேள்வி வரும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருட்டியதும் ஜன்னல்களைச் சாத்தினாள். புழுக்கத்தில் இருவருக்கும் உடம்பு தொப்பலாக நனைந்தது. அலறல் வெளியே போக வழியில்லாமல் நாலு சுவருக்குள்ளேயே சுற்றியது. அந்தச் சத்தம் ஓயும்வரை மூச்சுவிடவே பயந்து, கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். "இது கெட்ட கனவு இல்லைம்மா. பாதித் தூக்கத்துல வர்ற பயம். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எழுப்பாதீங்க, பிடிக்காதீங்க. அடிபடாம பக்கத்துல இருங்க. களைச்சுப்போய்த் தூங்கினா அதிகமாகும். வளர வளரப் போயிடும்" என்றார் அவர். கட்டிப்பிடிக்கக் கூடாது என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அலறும் பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில், தன் கைகளைத் தானே இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

யார் போன் செய்தார்களோ, குழந்தையின் பெரியம்மா, இறந்துபோன அம்மாவின் அக்கா, பையோடு வந்து இறங்கினாள். "பிள்ளை என்னன்னு கத்தறா?"

இவள் மறைக்கவில்லை. "அடிக்காதேன்னு கத்தறா. இன்னிக்கு நீங்களே பாருங்க, உங்க பக்கத்துலயே படுக்கட்டும்."

அன்று பார்த்துக் குழந்தை பெரியம்மா மடியில் மத்தியானமே ஒரு தூக்கம் போட்டிருந்தாள்; களைப்பில்லை. இரவில் சத்தமே இல்லை. கத்து, ஒரு தடவை கத்து என்று இவள் மனம் கெஞ்சியது. ஒரு பிள்ளை பயந்து அலற வேண்டும் என்று வேண்டுகிறோமே என்று தன்னை நினைத்தே கூசியது.

"நான் இருந்தா மட்டும் நிம்மதியா தூங்கறா பாத்தியா?" என்றாள் பெரியம்மா. குழந்தையின் துணிகளைப் பையில் திணித்தாள். கணவர் போனில், "கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டுமே" என்றார். யாரிடம் போய் வாதாடுவது? குழந்தை படியிறங்கும்போது, "நீயும் வா சித்தி" என்றாள். கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

நாலைந்து நாள் கழித்து இரவில் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் அதே அலறல். "கண்ணைத் திறந்துக்கிட்டு என்னையே அடிக்காதேங்கறா! நான் தொடவே இல்லையே! பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டறாங்க. என்ன பண்றது, சொல்லு!"

"பிடிக்காதீங்கக்கா. நாற்காலி ஏதாவது இருந்தா நகர்த்திடுங்க. மெதுவா பேசுங்க, அது போதும். தானா படுத்துப்பா."

போனை வைக்காமல் இருவரும் காத்திருந்தார்கள். அலறல் தேய்ந்து விம்மலாகி, நின்றது.

"தூங்கிட்டா" என்றாள் பெரியம்மா. "நீ தினமும் இப்படித்தான் உக்காந்திருந்தியா?" என்றாள்.

இவளுக்கு அழுகை முந்திக்கொண்டது.

வாரக் கடைசியில் பெரியம்மாவே குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். போகும்போது கீழ்வீட்டு வாசலில் நின்று, "பிள்ளைக்குத் தூக்கத்துல வர்ற கோளாறு. நான் என் கண்ணால பார்த்தேன்" என்றாள். "அப்படியா" என்றாள் அக்கா. நம்பினாளா என்பது அவளுக்கே வெளிச்சம்.

இப்போது இவள் குழந்தையைச் சீக்கிரம் படுக்கப் போடுகிறாள். வழக்கமாக அலறும் நேரத்துக்குச் சற்று முன்பே, டாக்டர் பிறகு சொன்னபடி, லேசாகத் தட்டி எழுப்பித் திரும்பத் தூங்கவைக்கிறாள். அலறல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சலவைக்கூடத்தில் நின்றபடியே அவளுக்குக் கண் சொருகுகிறது. மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா எதிர்ப்பட்டால், கேட்பதற்கு முன்பே இவள் வாயில் பதில் வந்து நிற்கிறது. குழந்தையோ அவள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் கதை ஒன்றை நிறுத்தாமல் சொல்லியபடி இறங்குகிறாள்.