என் கையால் வைத்த சுவிட்ச்

இலஞ்சி முருகனைக் கும்பிடுகிற உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கேட்டதை அவன் கொடுக்கவில்லை. என் அண்ணன் உயிரைக் கேட்டேன். அண்ணன் போய்விட்டார். ஆனாலும் அவன் என்னைக் கைவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இலஞ்சியில் பைக் மெக்கானிக். அண்ணன் மாரியப்பன் சீசன் நேரத்தில் ஐந்தருவியில் பழக்கடை போடுவார். ரம்புட்டான், மங்குஸ்தான். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. என்னைப் படிக்க வைக்க அவர் தலைகீழாக நின்றார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஸ்பேனரைப் பிடித்தேன். அதற்கும் கடை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

இப்போது வரும் வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முன்விளக்கும் எரியும். அணைக்க வழி கிடையாது. பகலிலும் எதிரே வருகிறவர் கண்ணில் நாம் பட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் விளக்கோடு போனால் சும்மா விடுவார்களா? எதிரே வருகிறவர் எல்லாம் கையைத் தூக்கி விரலை விரித்து விரித்து மூடுவார்கள். லைட் எரிகிறது, அணை என்று அர்த்தம். பஸ் டிரைவர் காட்டுவார். டீக்கடையில் இருப்பவர் காட்டுவார். ஆடு மேய்ப்பவரும் காட்டுவார். இந்தத் தொல்லை தாங்காமல் பலரும் என்னிடம் வந்து விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டு போவார்கள். பத்து நிமிஷ வேலை. அண்ணனும் ஒருநாள் வந்தார்.

"ஏலே, தென்காசி போயிட்டு வாரதுக்குள்ள நாப்பது பேரு கையக் காட்டுதான். ஒரு சுவிட்ச் வச்சு விடு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தேன்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரல் பிடித்து மலையே தெரியவில்லை. ரோடும் மங்கிப்போய்க் கிடந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு அண்ணன் கடைக்குத் திரும்பினார். கறுப்பு வண்டி, கறுப்பு மழைக்கோட்டு. எதிரே ஒரு சுற்றுலா வேன், பஸ்ஸை முந்துவதற்காக ஏறி வந்து அவர்மேல் மோதிவிட்டது.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வேன் டிரைவர் என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, சத்தியமா ஆளு வாரது தெரியல. ஒரு லைட்டு தெரிஞ்சிருந்தாக்கூட ஏறியிருக்க மாட்டேன்" என்று அழுதான்.

அவனை அடிக்கக் கையை ஓங்கியிருந்தேன். லைட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

முருகா, மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன், உயிரை மட்டும் கொடு என்று கதறினேன். திருநெல்வேலிக்குக் கொண்டு போகிற வழியில், ஆலங்குளம் தாண்டும் முன்பே அண்ணன் போய்விட்டார்.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில் வளைந்து கிடந்தது. நான் வைத்த சுவிட்ச்சில் ஒரு கீறல்கூட இல்லை. அணைத்தபடி இருந்தது.

இது வேறு யாருக்கும் தெரியாது. வீட்டில் அண்ணன் மனைவி, என் மதினிதான் எனக்குச் சோறு போடுவார். "சாப்பிடுங்க தம்பி" என்று வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுவார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவேன். செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தீட்டு இருந்ததால் கோவிலுக்குள் போக முடியாது. ஒருநாள் காலையில் வாசலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். உன்னிடம் இனி எனக்கு என்ன கேட்க இருக்கிறது என்று முதலில் சண்டை போட்டேன். பிறகு அழுதேன். மதினியிடம் உண்மையைச் சொல்ல வாயைக் கொடு, அவர் காறித் துப்பினாலும் தாங்கத் தெம்பைக் கொடு என்று கேட்டேன். நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்த பெரியவர் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

நேரே வீட்டுக்குப் போனேன். மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி வாய் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவிட்ச் வைக்கச் சொன்னதே நாந்தான் தம்பி. எல்லாவனும் கையக் காட்டுதான், பின்னாடி உக்கார எனக்கு வெக்கமா இருக்குன்னு நச்சரிச்சேன். அவுக வேண்டாம்னுதான் சொன்னாவ. கூடப் பொறந்தவரு ஒங்க மூஞ்சியப் பாத்து இத எப்படிச் சொல்லுவேன்? அதச் சொல்ல ஒரு வாயக் குடுன்னு முருகன் படத்துக்கு முன்னால தெனமும் அழுதுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் கேட்டதையேதான் அவரும் கேட்டிருக்கிறார். அன்று இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். அழுது முடித்து மதினி சோறு போட்டார். பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாளே கடையில் எழுதிப் போட்டேன், லைட் அணைக்கும் சுவிட்ச் இங்கே வைப்பதில்லை என்று. முன்பு வைத்துக் கொடுத்தவர்களைத் தேடிப்பிடித்துக் கழற்றினேன். சிலர் என்னைப் பைத்தியக்காரன் என்று திட்டினார்கள். இருக்கட்டும். கறுப்புக் கோட்டோடு வருகிறவர்களை மறித்து முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுகிறேன். வருஷத் திதி முடிந்ததும், அண்ணன் உயிருக்காக நேர்ந்துகொண்ட மொட்டையை அவர் இல்லாமலே போட்டுக்கொண்டேன்.

இந்தச் சீசனுக்குப் பழக்கடையை மதினியே நடத்துகிறார். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டு, விளக்கு எரிய ஸ்கூட்டரில் போகிறார். போன வாரம் சாரலில் அவர் பின்னால் நானும் போனேன். புளியறைப் பக்கமிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் கையை விரித்து மூடிக் காட்டினார். மதினி அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சொல்ல முடியாத பாரம் உங்களுக்கும் இருந்தால், அவன் வாசலில் நின்று கேளுங்கள். உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று கேளுங்கள், அவனுக்குக் கேட்கும். பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டே போங்கள். யாராவது கை காட்டினால் வெட்கப்படாதீர்கள். அவர் உங்களைப் பார்த்துவிட்டார். அன்று என் அண்ணனுக்கு யாரும் கை காட்டவில்லை.