வேனுக்குக் குளிர் எடுத்த கதை

எங்கள் வீட்டு வேனுக்கு இரண்டு டிரைவர்கள். காலையில் என் அப்பா, அதாவது நைனா, மத்தியானம் அவர் தம்பி, என் சித்தப்பா. நைனா அனந்தபுரத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் கொட்டுவார். பிறகு சாவி சித்தப்பா கைக்குப் போகும். அவர் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்று, கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றுவார். நான் அப்போது ஆறாவது. வாத்தியார் என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டிருந்தார். நானும் அவரைச் சிரமப்படுத்துவதில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததுமே வேனுக்குப் புத்தி மாறிவிட்டது. காலையில் நைனா ஓட்டினால் முனகிக்கொண்டாவது ஓடும். மத்தியானம் சித்தப்பா தொட்டால் கறுப்புப் புகையைக் கக்கி, உடம்பைக் குலுக்கி, நடுரோட்டில் நின்றுவிடும். கோட்டை பார்க்க வந்தவர்கள் வேனின் முதுகைத்தான் அதிகம் பார்த்தார்கள், தள்ளிக்கொண்டே. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு வேறு அணையாமல் எரிந்தது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றார் சித்தப்பா. பூஜை போட்டதில் வண்டிக்கே ஒரு களை வந்திருக்கிறது என்றார் நைனா.

"எங்கையில ஓடுது. உங்கையில நிக்குது. அப்ப கோளாறு வண்டியிலயா இருக்குது?"

"ண்ணா, நீ ஒரு நாளு மத்தியானத்துல ஓட்டித்தான் பாரேன்."

"நா எதுக்குடா ஓட்டணும்? மிதிச்சி மிதிச்சே வண்டிய கொன்னுட்ட. பேசாம மெட்ராஸ் போயி எதுனா கம்பெனில சேந்துடு."

விளையாட்டுப் பேச்சு இல்லை. திங்கட்கிழமை சித்தப்பா கிளம்புவதாக முடிவாகி, அம்மா அவர் சட்டைகளைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டாள். அவர் போய்விட்டால் என்னை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கை யார் கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பாவுக்குப் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் நைனா. திண்டிவனம் ரோட்டில், மெக்கானிக் கடைக்குக் கொஞ்சம் முன்னால் வேன் நின்றது. நைனா கையில்! சித்தப்பா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவன் ஓட்டி ஓட்டிக் கெடுத்து வச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே நைனாவும் இறங்கித் தள்ளினார்.

மெக்கானிக் கையடக்கமான ஒரு கருவியை வேனுக்குள் சொருகிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, வண்டிய எந்த ஊர்ல நிறுத்தி வச்சிருந்த? இன்ஜினுக்குள்ள போற காத்து மைனஸ் நாப்பது டிகிரின்னு காட்டுது!"

ஐப்பசி பிறந்தும் வெயில் குறையாத நேரம். கோட்டைப் பாறையில் பட்ட சூடு திரும்பி வந்து எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த மைனஸ் கழித்தல்தான். நாற்பதை எதிலிருந்து கழிப்பது என்று புரியவில்லை. நைனாவுக்கும் புரியவில்லை. பெரியவர் என்பதால் தலையை ஆட்டினார்.

காற்று போகிற குழாயில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறதாம். காற்று சூடா, குளிரா என்று இன்ஜினுக்குச் சொல்வது அதன் வேலை. அது வெளியே பனி கொட்டுகிறது என்று பொய் சொல்ல, இன்ஜினும் நம்பிப் பெட்ரோலை அளவில்லாமல் குடித்திருக்கிறது. காலைக் குளிர்ச்சியில் அது தாங்கும். மத்தியானச் சூட்டில் மூச்சு முட்டி நின்றுவிடும்.

மெக்கானிக் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் கருவியில் அதே மைனஸ் நாற்பது.

"மாட்னாலும் அதே, கயட்னாலும் அதே. அப்ப இத்தினி நாளா இது மாட்டாத மாதிரிதான் இருந்திருக்குது."

ஒயர் முனையின் இரண்டு துளைகளையும் ஒரு கம்பியால் சேர்த்தார். எண் எகிறியது. ஒயர் நல்ல ஒயர்தான். கடைசியில் சென்சாரின் வாய்க்குள் ஊசியை விட்டுச் சுரண்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது, நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"அட, சந்தனம்! யாருய்யா இதுக்குள்ள போயி பொட்டு வச்சது?"

எனக்குத் தெரியும். பூஜையன்று எந்தப் பாகமும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று, கை எட்டிய ஒயரையெல்லாம் கழற்றித் துடைத்து, உள்ளே சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டியவர் நைனா. சித்தப்பா அந்த நேரம் வாழைக்கன்று வாங்கப் போயிருந்தார்.

நைனா இப்போது கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

"நாந்தான் வச்சேன்" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, நைனாதான..."

"டேய் வாலு, ஓடிப்போயி டீ சொல்லிட்டு வாடா. ஓடு!"

நான் திரும்பி வருவதற்குள் சென்சாரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டிவிட்டிருந்தார்கள். மைனஸ் போய்விட்டது. மஞ்சள் விளக்கும் அணைந்திருந்தது. புகையில்லாமல் இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

நைனா டிரைவர் சீட்டைச் சித்தப்பாவுக்கு விட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பெட்டி வாங்க வேண்டிய கடைத்தெரு வந்தது, போனது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. செய்யாதவர் செய்தேன் என்கிறார். எதற்கெடுத்தாலும் அவரைத் திட்டுகிறவர், அவரே ஒப்புக்கொண்ட பிறகும் திட்டாமல் வருகிறார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, அடுப்படிக்குப் போய் அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சித்தப்பாவுக்கு மறதி வந்துடுச்சும்மா. பாவம்."

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அன்று மீன் குழம்பு. எப்போதும் நைனாவுக்கு வைக்கிற தலைத்துண்டை எடுத்துச் சித்தப்பா தட்டில் போட்டாள். நைனா அதைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

மறதிக்கு மீன்தலை நல்ல மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.