பூட்டாத கடைக்கு எழுதிய அஞ்சலி

சிலாபம் மீன் சந்தைக்கு எதிரே ஹனீபா நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. எங்கள் ஊரான உடப்பிலிருந்து மீன் கொண்டுபோகிற அப்பாவோடு சின்ன வயதில் நானும் போவேன். மற்றக் கடைக்காரர்கள் எங்கள் உடுப்பின் மீன் நாற்றத்துக்கு முகம் சுளிப்பார்கள். நானா மட்டும் முன்னால் கிடக்கும் வாங்குப் பலகையைத் துடைத்துவிட்டு, "இரிங்க மகன்" என்பார்.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை. ஊருக்குப் போகும் பஸ் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகும். நான் ஒருநாளும் இறங்கியதில்லை. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பகல், கடை பூட்டிக் கிடப்பதை யன்னலால் கண்டேன். 'சிலாபத்தின் பழைய கடைகளில் கடைசியும் போய்விட்டது' என்று பஸ்ஸில் இருந்தபடியே முகநூலில் உருகி எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

அடுத்த மாதம் அந்தப் பூட்டிய கதவைப் படம் எடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. வெறும் வாங்குகளுக்கு நடுவே நானா இருந்தார்.

"மகள் வாசிச்சுக் காட்டினா. வடிவா எழுதி இருந்தீங்க," என்றார். "நான் ஜும்ஆவுக்குப் போயிருந்தேன், மகன். இப்ப கடை இல்லையெண்டு நெனச்சு, வாற ஆக்களும் வாறல்ல."

வெள்ளிக்கிழமை பகல் அவர் பள்ளிக்குத் தொழப் போவது எனக்குத் தெரியாததா? படம் எடுக்க எடுத்திருந்த போனைப் பைக்குள் வைத்தேன். அவர் வாங்கைத் துடைத்துவிட்டு, இஞ்சித் தேத்தண்ணி வைத்தார்.

அன்றே திருத்தி எழுதியிருக்கலாம். இத்தனை பேர் பாராட்டியதைப் பிழையென்று சொல்ல வெட்கம், எழுதவில்லை. மூன்று மாதத்தில் நானா கடையை உண்மையாகவே பூட்டிவிட்டார்.

இப்போது அந்தப் பதிவில் திருத்த எதுவும் இல்லை. நேற்றும் யாரோ அதற்கு ஒரு அழுகிற முகம் போட்டிருந்தார்கள்.